அணு மருத்துவப் பிரிவில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகள்: கதிர்வீச்சு பற்றிக் குடும்பங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம், கோவில்பட்டி என்று நம் கரிசல் பக்கத்து ஊர்களிலிருந்து நர்சிங், லேப், ஸ்கேன் படிப்புகளை முடித்துவிட்டு திருநெல்வேலி, மதுரை, சென்னை மருத்துவமனைகளுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் சிலர் ‘நியூக்ளியர் மெடிசின்’ என்ற அணு மருத்துவப் பிரிவில் சேருகிறார்கள். புற்றுநோயாளிகளுக்கு பெட் ஸ்கேன் எடுப்பதும், எலும்பு, இதயம், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றுக்கு ஐசோடோப் ஸ்கேன் எடுப்பதும், தைராய்டு நோய்க்கு அயோடின் மருந்து கொடுப்பதும் இந்தப் பிரிவின் வேலை.

பிள்ளை இந்தப் பிரிவில் வேலை பார்க்கிறது என்றதும் வீட்டில் கேள்விகள் கிளம்புகின்றன. "ரேடியேஷன்ல வேலை பார்த்தா கேன்சர் வருமாமே?" என்று அம்மா கேட்பார். பெண்ணாக இருந்தால், சம்பந்தம் பேச வந்தவர்கள் "நாளைக்குக் குழந்தை நல்லபடியாகப் பிறக்குமா?" என்று தயங்குவார்கள். கூடங்குளம் அணுமின் நிலையத்தை எதிர்த்து 2011, 2012-ம் ஆண்டுகளில் இடிந்தகரையில் நடந்த போராட்டத்தைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் நாம். கதிர்வீச்சு என்ற சொல்லைக் கேட்டாலே நம் பகுதியில் ஒரு பயம் வருவது இயல்புதான்.

பயப்பட வேண்டிய இடமும் இருக்கிறது, வீணாகப் பயப்படும் இடமும் இருக்கிறது. இரண்டையும் பிரித்துப் பார்க்க ஒரே வழி, எவ்வளவு கதிர்வீச்சு உடலில் பட்டது என்ற அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்வது. அந்த அளவை எழுதி வைக்கும் ஏற்பாடு நம் நாட்டில் இருக்கிறது. அது என்ன, அதில் எதைப் பார்க்க வேண்டும், எங்கே கவனம் தவறுகிறது என்பதை இந்தக் கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம்.

எக்ஸ்ரே பிரிவிலிருந்து எப்படி வேறுபடுகிறது?

எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் பிரிவுகளில் கதிர்வீச்சு ஒரு இயந்திரத்திலிருந்து வருகிறது. சுவிட்சை அணைத்தால் அத்தோடு நின்றுவிடும். அணு மருத்துவத்தில் கதிர்வீச்சு மருந்திலேயே இருக்கிறது. மருந்தை ஊசியில் ஏற்றும்போது ஊழியரின் விரல்களுக்கு அருகில் இருக்கிறது. நோயாளிக்குச் செலுத்திய பிறகு அவரது உடலிலிருந்தே வெளிவருகிறது. அதை அணைக்க சுவிட்ச் கிடையாது. தானாகக் குறையும் வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

அந்தக் குறையும் வேகத்தை ‘அரை ஆயுள்’ என்று சொல்வார்கள். இருக்கும் கதிரியக்கம் பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. ஸ்கேன்களுக்கு அதிகம் பயன்படும் டெக்னீசியம்-99எம் பாதியாக 6 மணி நேரம் ஆகும். ஒரு நாள் கழித்துப் பார்த்தால் பதினாறில் ஒரு பங்குதான் மிஞ்சியிருக்கும். பெட் ஸ்கேனுக்குப் பயன்படும் ஃபுளோரின்-18-க்கு 110 நிமிடம். தைராய்டு சிகிச்சைக்கான அயோடின்-131-க்கு 8 நாள். அண்மைக் காலத்தில் புராஸ்டேட் புற்றுநோய்க்கும் நியூரோ எண்டோகிரைன் கட்டிகளுக்கும் கொடுக்கப்படும் லுடீசியம்-177-க்கு ஏறத்தாழ ஆறே முக்கால் நாள்.

நம் நாட்டில் இந்தத் துறைக்கு அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு. பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் கதிர்வீச்சு மருத்துவ மையம் மும்பையில் 1963-ல் தொடங்கப்பட்டது. நாட்டின் முதல் மருத்துவ சைக்ளோட்ரானும் பெட் ஸ்கேனும் 2002-ல் அங்கேதான் வந்தன. இன்று தமிழகத்தில் தனியார் மருத்துவமனைகளில் மட்டுமல்லாமல் மதுரை அரசு இராசாசி மருத்துவமனை போன்ற அரசு மருத்துவமனைகளிலும் பெட் ஸ்கேன் எடுக்கப்படுகிறது. வேலை வாய்ப்பு கூடியிருக்கிறது. ஒரு நாளில் கையாள வேண்டிய நோயாளிகளும் கூடியிருக்கிறார்கள்.

பெட் வந்ததில் இன்னொரு மாற்றமும் இருக்கிறது. ஃபுளோரின்-18 வெளியிடும் கதிர், டெக்னீசியத்தின் கதிரைவிட மூன்றரை மடங்குக்கும் அதிக ஆற்றல் உடையது. டெக்னீசியத்தின் கதிரைப் பாதியாகக் குறைக்க ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்குக் கனமுள்ள ஈயம் போதும். ஃபுளோரினுக்கு நான்கு முதல் ஐந்து மில்லிமீட்டர் ஈயம் வேண்டும். எக்ஸ்ரே பிரிவில் அணியும் அரை மில்லிமீட்டர் ஈய ஏப்ரனை பெட் பிரிவில் போட்டுக்கொண்டு, பாதுகாப்பாக இருக்கிறோம் என்று நினைப்பவர்கள் உண்டு. பெட் கதிரில் மிகச் சிறு பங்கைத்தான் அந்த ஏப்ரன் தடுக்கும்.

அளவு எவ்வளவு? சட்டம் என்ன சொல்கிறது?

உடலில் பட்ட கதிர்வீச்சை மில்லிசீவர்ட் என்ற அலகில் அளக்கிறார்கள். அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோசீவர்ட். மண், பாறை, காற்று, விண்வெளி, உணவு ஆகியவற்றிலிருந்து உலகில் ஒரு மனிதருக்கு இயற்கையாகவே சராசரியாக ஆண்டுக்கு 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சி போன்ற தாது மணல் கடற்கரைகளில் இது கூடுதலாக இருக்கும்.

இந்தியாவில் இந்தத் துறையைக் கண்காணிப்பது 1983-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம். கதிர்வீச்சுப் பாதுகாப்பு விதிகள் 2004-ல் வந்தன. வாரியம் வகுத்துள்ள உச்ச வரம்புகள் இவை:

• கதிர்வீச்சு ஊழியர்: தொடர்ந்து ஐந்து ஆண்டுகளின் சராசரி, ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட். எந்த ஓர் ஆண்டிலும் 30-ஐத் தாண்டக் கூடாது. உலக அளவில் சர்வதேச கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் ஓர் ஆண்டுக்கு 50 வரை அனுமதிக்கிறது. நம் நாட்டு வரம்பு அதைவிடக் கடுமையானது.

• கை, பாதம், தோல்: ஆண்டுக்கு 500 மில்லிசீவர்ட்.

• 16 முதல் 18 வயது வரையுள்ள பயிற்சி மாணவர்: ஆண்டுக்கு 6 மில்லிசீவர்ட். 18 வயது நிறையாதவரை ஊழியராக வைக்கக் கூடாது.

• பொதுமக்கள்: ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்.

இவை தாண்டக் கூடாத எல்லைகள். இவ்வளவு வரை பட்டுக்கொள்ளலாம் என்று கொடுத்த அனுமதி என யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. நியாயமாக எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைக்க வேண்டும் என்பதே துறையின் அடிப்படைக் கொள்கை. வாரியத்தின் ஆண்டறிக்கைகளில், இந்தியாவில் மருத்துவத் துறையில் கண்காணிக்கப்படும் ஊழியர்களின் சராசரி அளவு ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கும் குறைவாகவே பதிவாகிறது. அணு மருத்துவத் தொழில்நுட்பருக்கு, அதிலும் பெட் பிரிவில் இருப்பவருக்கு, இந்தச் சராசரியைவிடக் கூடுதலாக வருவது வழக்கம். சில மில்லிசீவர்ட் வரை போகலாம்.

ஒரு கணக்கு

பெட் ஸ்கேனுக்காக ஊசி போட்ட உடனே நோயாளியிடமிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்கு ஏறத்தாழ 30 மைக்ரோசீவர்ட் இருக்கும் என்று வைத்துக்கொள்வோம். அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் இரண்டரை மைக்ரோசீவர்ட். தினம் பத்து நோயாளிகள், ஆண்டுக்கு 250 வேலை நாள் என்றால் மொத்தம் 6.25 மில்லிசீவர்ட்.

அதே ஊழியர், நோயாளியிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் ஊசி போடும் முன்பே சொல்லி முடித்துவிட்டு, பிறகு அருகில் நிற்கும் நேரத்தை இரண்டு நிமிடமாகக் குறைத்தால் ஆண்டுக்கு 2.5 மில்லிசீவர்ட்தான். இரண்டு மீட்டர் தள்ளி நின்று பேசினால் இன்னும் ஏறக்குறைய கால் பங்காகிவிடும். தூரம் இரண்டு மடங்கானால் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகும்.

காலம், தூரம், தடுப்பு என்ற மூன்று சொற்களை இந்தத் துறையில் படிப்பவர்களுக்கு முதல் நாளே சொல்லிக் கொடுப்பது இதனால்தான். ஆள் பற்றாக்குறையால் ஒருவரே மருந்து பிரித்து, ஊசி போட்டு, நோயாளியைக் கைத்தாங்கலாக ஸ்கேன் மேசையில் ஏற்றி, இறக்கும் இடங்களில் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். பிள்ளை வேலை பார்க்கும் இடத்தில் எத்தனை பேர் சுழற்சி முறையில் இருக்கிறார்கள் என்று குடும்பம் விசாரிப்பது இதனால் முக்கியம்.

நெஞ்சில் குத்தும் பேட்ஜ்

ஊழியர்கள் சட்டையில் குத்தியிருக்கும் சிறு பேட்ஜுக்கு டி.எல்.டி. பேட்ஜ் என்று பெயர். உள்ளே மூன்று சிறு வில்லைகள் இருக்கும். கதிர்வீச்சு பட்டால் அதன் ஆற்றலை அவை பிடித்து வைத்துக்கொள்ளும். பிறகு ஆய்வகத்தில் சூடேற்றும்போது ஒளியாக வெளிவிடும். அந்த ஒளியை அளந்தால், அணிந்தவருக்கு எவ்வளவு பட்டது என்று தெரிந்துவிடும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை பேட்ஜை அனுப்பிப் புதியது வாங்க வேண்டும். ஒவ்வொரு ஊழியருக்கும் தனி எண் உண்டு. அவரது பணிக்காலம் முழுவதும் பதிவான அளவுகள் தேசியப் பதிவேட்டில் சேர்கின்றன.

பேட்ஜ் கதிர்வீச்சைத் தடுக்காது. அது ஒரு சாட்சி மட்டுமே. ஆனால் நாளை ஏதேனும் உடல்நலப் பிரச்சினை வந்து கேள்வி எழுந்தால், ஊழியர் கையில் இருக்கும் ஆதாரம் அது ஒன்றுதான். அப்படியிருந்தும் பேட்ஜை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு வேலை பார்ப்பவர்கள் இருக்கிறார்கள். அளவு கூடினால் வேலையை விட்டு மாற்றிவிடுவார்கள் என்ற பயம் சிலருக்கு. மறதி சிலருக்கு. இழுப்பறைக்குள் இருக்கும் பேட்ஜ் ‘பூஜ்யம்’ என்று காட்டும். அந்தப் பூஜ்யம் ஊழியருக்கு எதிராகவே நிற்கும்.

அணியும் முறையில் கவனிக்க வேண்டியவை:

• நெஞ்சு மட்டத்தில் அணிய வேண்டும். ஈய ஏப்ரன் போட்டால் பேட்ஜ் ஏப்ரனுக்கு உள்ளே இருக்க வேண்டும்.

• பர்தா, துப்பட்டா அணியும் சகோதரிகள் பேட்ஜைத் துணிக்கு அடியில் மறைக்காமல், துணிக்கு மேலே, ஏப்ரனுக்கு உள்ளே குத்திக்கொள்ள வேண்டும். பேட்ஜின் ஒரு வில்லை மெல்லிய பீட்டா கதிரையும் அளப்பதற்காகத் திறந்த நிலையில் இருக்கிறது. துணி மூடினால் அந்த அளவு குறைந்து காட்டும்.

• ஒருவர் பேட்ஜை மற்றவர் அணியக் கூடாது.

• தனக்கே எக்ஸ்ரே, ஸ்கேன் எடுக்கும்போது கழற்றிவிட வேண்டும்.

• வேலை முடிந்ததும் கதிர்வீச்சு இல்லாத, குறிப்பிட்ட இடத்தில் வைத்துவிட்டு வர வேண்டும். சட்டையோடு வீட்டுக்கு வந்து துவைக்கும் வாளியில் விழுந்தால் பேட்ஜ் பாழாகும்.

விரலும் கண்ணும்

நெஞ்சில் குத்திய பேட்ஜ் விரல் நுனியில் பட்டதைச் சொல்லாது. அணு மருத்துவ ஊழியர்களின் உடலில் அதிகம் படும் இடம் விரல்கள்தான், குறிப்பாக ஆள்காட்டி விரல் நுனியும் கட்டைவிரல் நுனியும். மருந்தை ஊசியில் ஏற்றும்போதும் செலுத்தும்போதும் அவை மிக அருகில் இருக்கின்றன.

ஐரோப்பாவில் 2008 முதல் 2011 வரை நடந்த ஒராமெட் என்ற கூட்டு ஆய்வு இதை விரிவாக அளந்தது. அதிகம் பயன்படுத்தாத கையின் ஆள்காட்டி விரல் அடியில் அணிந்த மோதிர அளவி காட்டும் அளவை ஆறால் பெருக்கினால்தான், கையில் அதிகம் பட்ட இடத்தின் அளவு ஏறத்தாழ கிடைக்கும் என்று அந்த ஆய்வு மதிப்பிட்டது. ஊசிக்கு டங்ஸ்டன் அல்லது ஈயக் கவசம் போடுவதும், கையால் எடுக்காமல் இடுக்கியால் எடுப்பதும் அளவைப் பெரிதும் குறைக்கும். கவசம் போட்டால் வேலை மெதுவாகிறது என்று கழற்றி வைப்பது தவறான சிக்கனம்.

கண்ணின் லென்ஸ் பற்றியும் கருத்து மாறியிருக்கிறது. முன்பு ஆண்டுக்கு 150 மில்லிசீவர்ட் வரை ஆபத்தில்லை என்று நினைத்தார்கள். குறைந்த அளவிலேயே கண்புரை வரக்கூடும் என்ற சான்றுகளைப் பார்த்து, சர்வதேச ஆணையம் 2011-ல் இதை 20 ஆகக் குறைக்கப் பரிந்துரைத்தது.

உடலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்வது

வெளியிலிருந்து படும் கதிர்வீச்சு தள்ளி நின்றால் குறையும். மருந்தே உடலுக்குள் போய்விட்டால் தள்ளி நிற்க வழியில்லை. சிந்திய துளி கையில் ஒட்டி வாய்க்குப் போகலாம். அயோடின்-131 ஆவியாகக் கூடியது. சுவாசத்தில் போனால் நேரே தைராய்டில் போய்ச் சேரும். அதனால் திரவ அயோடினைக் காற்று உறிஞ்சும் அடைப்புக்குள்தான் கையாள வேண்டும். அயோடின் கையாளுபவர்களின் தைராய்டைக் கருவி வைத்து அவ்வப்போது அளந்து பார்க்க வேண்டும்.

மருந்து தயாரிக்கும் அறையை ஹாட் லேப் என்பார்கள். அங்கே உண்ணவோ பருகவோ கூடாது. நோன்பு திறக்கும் நேரம் வந்துவிட்டது என்று பேரீச்சம்பழமும் தண்ணீரும் உள்ளே கொண்டுபோகக் கூடாது. வெளியே வந்து, கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, அளவி வைத்துச் சோதித்த பிறகுதான் சாப்பிட வேண்டும். ஒளுச் செய்வதும் அப்படியே. ஹாட் லேப் தொட்டியில் ஒளுச் செய்தால் கையில் ஒட்டியிருப்பது முகத்துக்கும் வாய்க்கும் போகும். நீண்டு தொங்கும் துப்பட்டா நுனியும் அகன்ற கையும் மேசையில் உரசி மருந்தைத் தொட்டுவிடலாம். முழுக்கை கோட்டுக்குள் அவற்றை அடக்கிக்கொள்வது நல்லது.

கேன்சர் வருமா?

கதிர்வீச்சு புற்றுநோயை உண்டாக்கும் என்பதில் சந்தேகம் இல்லை. எவ்வளவு பட்டால் எவ்வளவு கூடும் என்பதே கேள்வி. பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா ஆகிய மூன்று நாடுகளின் அணுத்துறை ஊழியர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோரைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வின் முடிவு 2023-ல் வெளியானது. ஆயிரம் மில்லிகிரே அளவுக்கு, கட்டிப் புற்றுநோயால் இறக்கும் வாய்ப்பு 52 சதவீதம் கூடுகிறது என்று அது கணக்கிட்டது. இந்த வகைக் கதிருக்கு மில்லிகிரேயும் மில்லிசீவர்ட்டும் ஏறத்தாழ ஒன்றே.

இதை நம் பிள்ளைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஆண்டுக்கு 3 மில்லிசீவர்ட் வீதம் முப்பது ஆண்டு வேலை பார்த்தால் மொத்தம் 90. அதற்குரிய உயர்வு ஐந்து சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நூறு பேரில் ஐந்து பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் வரும் என்று இதற்குப் பொருள் இல்லை. எல்லோருக்கும் ஏற்கெனவே இருக்கும் வாய்ப்பில் இருபதில் ஒரு பங்கு கூடுகிறது என்று பொருள். இது பூஜ்யமும் இல்லை, ஊரார் பயப்படும் அளவும் இல்லை. ஆண்டுக்கு 3 என்பது 1 ஆகக் குறைந்தால் இந்த உயர்வும் மூன்றில் ஒன்றாகிவிடும்.

ஆண்டுதோறும் ரத்தப் பரிசோதனை எடுத்து "எல்லாம் நார்மல்" என்று வந்தால் கதிர்வீச்சே படவில்லை என்று நினைக்க வேண்டாம். இவ்வளவு குறைந்த அளவை ரத்த அணு எண்ணிக்கை காட்டாது. பேட்ஜ் பதிவுதான் காட்டும்.

திருமணமும் பிறக்கப்போகும் குழந்தையும்

நம் குடும்பங்களில் அதிகம் காயப்படுத்தும் பேச்சு இதுதான். கதிர்வீச்சுப் பிரிவில் வேலை பார்த்த பெண்ணுக்கு, பையனுக்கு, ஊனமுள்ள குழந்தை பிறக்கும் என்று சொல்லிச் சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்கிறார்கள். ஜப்பானில் ஹிரோஷிமா, நாகசாகி குண்டுவீச்சில் தப்பியவர்களும் இதே பேச்சுக்கு ஆளாகித் திருமண வாழ்க்கையை இழந்தார்கள். ஆனால் ஆய்வு வேறு சொன்னது. அந்த இரு நகரங்களிலும் 1948 முதல் 1954 வரை பிறந்த ஏறத்தாழ 77,000 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். பெற்றோருக்குக் கருத்தரிக்கும் முன்பு பட்ட கதிர்வீச்சால் பிறவிக் குறைகள் கூடியதாகத் தெரியவில்லை. அவர்களில் பலருக்கு ஒரே நொடியில் பட்ட அளவு, ஒரு மருத்துவமனை ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதும் படுவதைவிட அதிகம்.

ஆண்களின் விந்தணு தற்காலிகமாகக் குறைவதற்கே ஒரே தடவையில் நூறு மில்லிசீவர்ட்டுக்கு மேல் பட வேண்டும். ஒழுங்காக நடக்கும் அணு மருத்துவப் பிரிவில் ஆண்டுக்குச் சில மில்லிசீவர்ட்தான். இந்த வேலையைக் காரணம் காட்டி ஒரு நிக்காஹ்வை நிறுத்த அறிவியலில் ஆதாரம் இல்லை.

கர்ப்ப காலம் வேறு விஷயம். குண்டு விழுந்தபோது தாயின் வயிற்றில் இருந்த குழந்தைகளில் சிலருக்கு மூளை வளர்ச்சிக் குறைவு ஏற்பட்டது. கருவில் இருக்கும் குழந்தை கதிர்வீச்சால் எளிதில் பாதிக்கப்படும். அதனால்தான் ஊழியர் கர்ப்பம் என்று தெரிவித்த பிறகு, மீதிக் கர்ப்ப காலத்தில் குழந்தைக்கு 1 மில்லிசீவர்ட்டுக்கு மேல் போகாதபடி வேலையை மாற்றித் தர வேண்டும் என்று சர்வதேச ஆணையம் வரையறுத்திருக்கிறது. பொதுமக்களுக்கு உரிய பாதுகாப்பே வயிற்றுக் குழந்தைக்கும் கிடைக்க வேண்டும் என்பது இதன் அடிப்படை.

இங்கேதான் உண்மையான ஆபத்து ஒளிந்திருக்கிறது. வேலை போய்விடும், சம்பளம் குறையும் என்று பயந்து சில பெண்கள் மூன்று, நான்கு மாதம் வரை கர்ப்பத்தை மறைக்கிறார்கள். குழந்தைக்குக் கவனம் மிகவும் தேவைப்படும் மாதங்கள் அவை. குழந்தையின் தைராய்டு பத்து, பன்னிரண்டு வாரத்திலேயே அயோடினை இழுக்கத் தொடங்கிவிடும். கர்ப்பம் என்று தெரிவித்ததற்காக வேலையை விட்டு நீக்கக் கூடாது, வேலையின் தன்மையைத்தான் மாற்ற வேண்டும் என்று சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்புத் தரம் தெளிவாகச் சொல்கிறது. தெரிந்த உடனே பிரிவின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரிக்கு எழுத்தில் தெரிவித்து, நகலை வைத்துக்கொள்ள வேண்டும். ஹாட் லேப், ஊசி போடுவது, அயோடின் சிகிச்சை வார்டு ஆகியவற்றிலிருந்து விலகிப் பதிவேடு, அறிக்கை, முன்பதிவு போன்ற வேலைகளுக்கு மாறலாம். பால் கொடுக்கும் தாய்மாரும் அயோடின் கையாளும் வேலையைத் தவிர்க்க வேண்டும். உடலுக்குள் போன அயோடின் தாய்ப்பாலிலும் வரும்.

கணவரும் மாமியாரும் இந்த நேரத்தில் "வேலையை விட்டுவிடு" என்று நெருக்குவதைவிட, "சொல்லிவிட்டாயா? எழுத்தில் கொடுத்தாயா?" என்று கேட்பது உதவியாக இருக்கும்.

பேட்ஜ் இல்லாதவர்கள்

தொழில்நுட்பருக்கும் மருத்துவருக்கும் பேட்ஜ் இருக்கும். வார்டு ஆயா, துப்புரவுப் பணியாளர், நோயாளியைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகும் ஊழியர் ஆகியோர் பல நேரம் கணக்கிலேயே வருவதில்லை. ஒப்பந்த முறையில் வருபவர்கள் அடிக்கடி மாறுவார்கள். என்ன அறைக்குள் போகிறோம் என்பதே சிலருக்குத் தெரிந்திருக்காது.

அதிக அளவு அயோடின் கொடுக்கப்பட்ட நோயாளியைத் தனி அறையில் வைத்து, உடலில் உள்ள அளவு வரம்புக்குள் குறைந்த பிறகே வீட்டுக்கு அனுப்புவார்கள். அவரது சிறுநீர், வியர்வை, படுக்கை விரிப்பு எல்லாவற்றிலும் அயோடின் இருக்கும். கழிப்பறை நீர் தனித் தொட்டியில் தேங்கி, கதிரியக்கம் குறைந்த பிறகே வெளியேற வேண்டும். அந்த அறையைச் சுத்தம் செய்பவருக்குக் கையுறையும் கால் உறையும் பயிற்சியும் வேண்டும். நம் உறவினர் யாராவது இப்படிப்பட்ட வேலையில் இருந்தால், மூன்று இதழ் கொண்ட கதிர்வீச்சு அடையாளம் ஒட்டிய கதவுக்குள் யாரிடமும் கேட்காமல் போக வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.

சேரும் முன்பும் விலகும்போதும்

பிள்ளையைப் படிக்க வைக்கும் முன்பே ஒன்றைச் சரிபாருங்கள். அணு மருத்துவத் தொழில்நுட்பராக வேலை பார்க்க, அணு மருத்துவத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி., மும்பை கதிர்வீச்சு மருத்துவ மையம் நடத்திவரும் டி.எம்.ஆர்.ஐ.டி. பட்டயம் போன்ற, வாரியம் ஏற்கும் தகுதி வேண்டும். ஆறு மாதப் படிப்பு முடித்தால் எந்த ஸ்கேன் பிரிவிலும் சேரலாம் என்று சொல்லும் விளம்பரத்தை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்.

வேலையில் சேரும்போது கேட்க வேண்டிய கேள்விகள்:

• இந்தப் பிரிவுக்கு வாரியத்தின் உரிமம் இருக்கிறதா? கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி யார்?

• என் பெயரில் பேட்ஜ் எப்போது வரும்? வரும் வரை எனக்கு என்ன வேலை?

• விரலுக்கு மோதிர அளவி தருவீர்களா? ஊசிக் கவசம் இருக்கிறதா?

• ஒரு நாளில் எத்தனை நோயாளிகள்? எத்தனை தொழில்நுட்பர்கள்?

• மூன்று மாதத்துக்கு ஒரு முறை என் அளவை எனக்குக் காட்டுவீர்களா?

கடைசிக் கேள்விக்கு "அதெல்லாம் உங்களுக்கு எதற்கு?" என்று பதில் வந்தால், அந்த இடத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். தன் அளவைத் தெரிந்துகொள்வது ஊழியரின் உரிமை.

வேலையை விட்டு விலகும்போது, வளைகுடாவுக்குப் புறப்படும்போது, இதுவரை பதிவான மொத்த அளவின் சான்றை வாங்கிப் பாஸ்போர்ட்டோடு வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஐந்தாண்டுச் சராசரி என்பது வேலை மாறினாலும் தொடரும் கணக்கு. அங்கிருந்து திரும்பும்போது அங்குள்ள பதிவையும் கேட்டு வாங்கி வர வேண்டும்.

நம் பகுதியில் தீப்பெட்டி ஆபீஸிலும் பட்டாசு ஆலையிலும் வேலை பார்த்த தலைமுறைக்கு, ஆபத்து கண்ணுக்குத் தெரிந்தது, மூக்குக்கும் தெரிந்தது. மருந்து வாசனை வரும், கை சுடும். கதிர்வீச்சுக்கு வாசனையோ சூடோ இல்லை. பேட்ஜில் வரும் எண்ணைத் தவிர வேறு அடையாளம் இல்லை. அதனால் அடுத்த முறை பிள்ளை விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது, சம்பளம் எவ்வளவு என்று கேட்பதோடு, போன மூன்று மாதத்து அளவு எவ்வளவு என்றும் கேளுங்கள். எண் தெரிந்திருந்தால் அதை எழுதி வையுங்கள். தெரியவில்லை என்று சொன்னால், போனதும் முதல் வேலையாகக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள்.